ரஜூலா கப்பல் டெக் பயணமும் டைப்பிங் இன்ஸ்டிடியூட்டும் - என் அனுபவ ரிவ்யூ

ரெண்டு சர்வீஸ் பத்தி எழுதறேன். ஒண்ணு இப்ப கிடையாது, இன்னொண்ணு அங்கங்க இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு. எனக்கு ரெண்டையும் பிரிச்சுப் பாக்கத் தெரியல, ஏன்னா முதலாவதுல போகாம இருந்திருந்தா ரெண்டாவதுல சேந்திருக்கவே மாட்டேன்.

1964ல அம்மாவோட மலேசியாவுல இருக்கற பினாங்குல ஏறி நாகப்பட்டினம் வந்தேன், எனக்கு அப்ப 11 வயசு, அப்பா அங்கயே வேலைல இருந்துட்டாங்க. ரஜூலான்னா எங்க பக்கத்துல சின்னப் புள்ளைக்குக் கூடத் தெரியும். 1926ல கிளாஸ்கோவுல கட்டினது, நீராவி எஞ்சின், பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியோடது, மெட்ராஸ் நாகப்பட்டினம் பினாங்கு சிங்கப்பூர்னு போய்ப் போய் வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆரம்பத்துல டெக்ல மட்டும் 5,000 பேருக்கு மேல ஏத்த லைசென்ஸ் இருந்த கப்பல்னா எவ்வளவு பெருசுன்னு பாத்துக்கங்க.

நாங்க டெக் டிக்கெட். டெக்னா ரூம் கிடையாது, கட்டில் கிடையாது, பாயை விரிச்ச இடம்தான் நம்ம வீடு. அம்மா ஏறின உடனே காத்து வர்ற பக்கமா ஒரு இடம் பிடிச்சு, தகரப் பெட்டியைத் தலைமாட்டுல வச்சு, ஒரு பழைய சேலையைக் கட்டி மறைப்புப் போட்டுட்டாங்க, அரை மணி நேரத்துல சுத்தி இருந்த பத்துக் குடும்பமும் சொந்தக்காரங்க மாதிரி ஆயிட்டாங்க. பினாங்கு விட்டா நாலு நாள் வெறும் தண்ணிதான். ரெண்டாம் நாள் கடல் கொஞ்சம் கொந்தளிச்சுது, எனக்கு ஒரே வாந்தி, பக்கத்துப் பாய்ல இருந்த ஆச்சி எலுமிச்சங்காயைக் கீறி மூக்குக்கிட்ட பிடிச்சுக்கிட்டே ராத்திரி பூரா உக்காந்திருந்தாங்க. அந்த வாசனை இப்பவும் வந்தா எனக்கு தரை லேசா ஆடற மாதிரி இருக்கும். சாப்பாடு சூடா வந்துச்சு, வரிசைல நிக்கணும் அவ்வளவுதான்.

நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது, தூரமா கடல்லயே நங்கூரம் போட்டுடும், நாமதான் படகுல இறங்கிக் கரைக்கு வரணும். படகு மேல ஏறுது கீழ இறங்குது, சரியா அது மேல வர்ற நேரம் பாத்துக் காலை வைக்கணும். அம்மா என்னைக் கையைப் பிடிச்சு இறக்கினதை விட, பெட்டியை இறக்கறப்ப தான் பயந்தாங்க.

முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். எங்க வரிசைல ஒரு அண்ணன் இருந்தாங்க, பினாங்குல ஒரு ஆபீஸ்ல கிளார்க். இறங்கறதுக்கு முந்தின நாள் எல்லாரும் ஃபார்ம் நிரப்பணும், பேரு ஊரு சாமான் விவரம் எல்லாம் இங்கிலீஷ்ல. டெக்ல பாதிப் பேருக்கு எழுதத் தெரியாது. அந்த அண்ணன் பெட்டியையே மேஜையா வச்சுக்கிட்டு காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும் ஒவ்வொருத்தருக்கா எழுதிக் கொடுத்தாங்க, ஒரு பைசா வாங்கல. வயசானவங்க எல்லாம் அவரை ஐயான்னு கூப்பிட்டாங்க. அம்மா கேட்டாங்க என்னப்பா படிச்சேன்னு. எஸ்எஸ்எல்சி தான் அக்கா, அப்புறம் டைப்பும் சுருக்கெழுத்தும், லோயர் ஹையர்னு ரெண்டு பரிட்சையும் முடிச்சேன்னு சொன்னாங்க. அம்மா அதை மறக்கவே இல்ல.

நான் எஸ்எஸ்எல்சி முடிச்சதும் அதே தகரப் பெட்டில இருந்த ரெண்டு நைலக்ஸ் சேலையை வித்துத்தான் ஃபீஸ் கட்டினாங்க. இன்ஸ்டிடியூட் பேரு வேண்டாம். மாடில ஒரு நீள ஹால், இருபது டைப் மெஷின், ரெமிங்டன் ஹால்டான்னு ரெண்டு கம்பெனி மெஷினும் கலந்து. முதல் மாசம் பூரா ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே ஹெச் ஜே இதுதான், கீயைப் பாத்தா மாஸ்டர் ஸ்கேலால மேஜையைத் தட்டுவார். சுண்டு விரல்ல ஏ அடிக்க வராது, எழுத்து மங்கலா விழும், அதுக்காக ஒரு பேப்பர் பூரா ஏ மட்டும் அடிக்க வச்சார், விரல் வீங்கிப் போச்சு, ஆனா அடுத்த வாரம் எழுத்து அழுத்தமா விழுந்துச்சு. சொல்லிக் கொடுக்கறதுல அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

எனக்கு மனசு வலிச்ச ஒரே விஷயம், ஃபீஸ் லேட்டா கட்டறவங்களுக்கு ஓரமா இருக்கற மெஷின் தான் கொடுப்பாங்க. அதுல பேப்பரைத் தாங்கி நகர்ற கேரியேஜ் பாதில நிக்கும், ரிப்பன் நைஞ்சு போயிருக்கும், ரெண்டு எழுத்துக் கம்பி சேந்தா மாட்டிக்கும். ஹையர் பரிட்சைல நிமிஷத்துக்கு 45 வார்த்தை, பத்து நிமிஷத்துல 2,250 ஸ்ட்ரோக் அடிக்கணும், அந்த மெஷின்ல பழகினவ எப்படி அடிப்பா? பணம் இல்லாதவங்கதானே அந்தப் பரிட்சையை நம்பியே வந்தாங்க. டெக்ல யார் முதல்ல வந்தாங்களோ அவங்களுக்குக் காத்து வர்ற இடம், இங்க அந்த நியாயம் இல்ல. நான் காலைல ஆறு மணி பேட்ச் கேட்டு வாங்கினேன், கூட்டம் கம்மி, நல்ல மெஷின் கிடைச்சுது, அதுல தான் பாஸ் பண்ணேன். பிட்மேன் முறை சுருக்கெழுத்துல நிமிஷத்துக்கு 120 வார்த்தை வேகம் வரைக்கும் போனேன். கோடு தடிமனா மெல்லிசாங்கறதுலயே வார்த்தை மாறிடும், பென்சில் சீவறதே தனி வேலை. அரசாங்க ஆபீஸ்ல ஸ்டெனோவா சேந்து ரிட்டயர் ஆகற வரைக்கும் அந்தக் கைதான் எங்க வீட்டுக்குச் சோறு போட்டுச்சு.

ரஜூலாவை 1973ல நம்ம ஷிப்பிங் கார்ப்பரேஷன் வாங்கி ரங்கத்னு பேரு மாத்தினாங்க, அடுத்த வருஷமே உடைச்சுட்டாங்க. அப்புறம் வந்த சிதம்பரம் கப்பலும் 1985 பிப்ரவரில தீப்பிடிச்சதோட அந்த லைனே நின்னு போச்சு.

கப்பலுக்கு 5க்கு 5. இன்ஸ்டிடியூட்டுக்கு 3, ரெண்டு மார்க் ஓரத்து மெஷினுக்காகக் குறைச்சது. இப்ப பிள்ளைங்களைச் சேக்கறவங்க மாஸ்டர் எப்படின்னு மட்டும் கேக்காதீங்க, உள்ள போய் கடைசி வரிசை மெஷின்ல உக்காந்து ஒரு வரி அடிச்சுப் பாருங்க, வரி முடியப் போகுதுன்னு சொல்ற மார்ஜின் பெல் அடிக்குதான்னு கேளுங்க. அது நல்லா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு சேத்துடுங்க.