கமடோர் 64 கீபோர்டில் வேலை செய்யாத கீ: துடைப்பதா, பூசுவதா, மாற்றுவதா?

பல வருடம் பரணில் கிடந்த கமடோர் 64 என்ற பழைய வீட்டுக் கணினியை இறக்கி ஆன் செய்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: நீலத் திரை ஒழுங்காக வரும், கர்சர் மினுக்கும், டைப் செய்யப் போனால் நாலைந்து கீ வேலை செய்யாது. இன்னும் சில கீ, கட்டை விரலால் ஓங்கி அழுத்தினால் மட்டும் எழுத்தைத் தரும். இதற்கு ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஸ்ப்ரே அடி, ஐபிஏ (ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்) போட்டுத் துடை, பென்சிலைத் தேய், மின்சாரம் கடத்தும் பெயின்ட் பூசு, வேறொரு கீயிலிருந்து எடுத்து மாட்டு, பேசாமல் புது கீபோர்டு வாங்கு.

இவற்றில் எதுவும் முழுப் பொய் இல்லை. ஆனால் சிலவற்றைச் செய்து பார்த்துவிட்டுப் பழைய நிலைக்குத் திரும்பலாம், சிலவற்றில் திரும்பவே முடியாது. 1982-இல் வந்த இயந்திரம் இது. அதைச் செய்த கம்பெனி 1994-இல் திவாலாகிவிட்டது. ஒவ்வொரு கீயின் அடியிலும் இருக்கும் கறுப்பு ரப்பர் நுனிகள் கெட்டால், அதே அச்சில் கமடோர் செய்து தரப் போவதில்லை. அதனால் ரப்பரில் கை வைக்கும் வேலை எதுவானாலும் கடைசிக்குத் தள்ள வேண்டும் என்பதுதான் என் கட்சி. கீழே உள்ள ஒப்பீடு முழுக்க அந்த அளவுகோலில்தான்.

கழற்றுவதற்கு முன்பு

எந்த வைத்தியம் என்று முடிவு செய்வதற்கு முன்னால், கோளாறு கீபோர்டில்தானா என்று பார்த்துவிட வேண்டும். பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அப்புறம் கீபோர்டை முழுக்கப் பிரித்துத் துடைத்து மாட்டிய பிறகும் அதே கீ வேலை செய்யாது.

கமடோர் 64-இல் மொத்தம் 66 கீ. ரீஸ்டோர் என்ற கீ தனி லைன். ஷிஃப்ட் லாக் என்பது இடது ஷிஃப்டுடன் இணையாகப் போட்ட ஒரு பூட்டு ஸ்விட்ச், அவ்வளவுதான். மீதி 64 கீயும் எட்டுக்கு எட்டு என்ற கட்டத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு கீயும் ஒரு நெடுக்குக் கோடும் ஒரு குறுக்குக் கோடும் சந்திக்கும் இடம். அந்தப் பதினாறு கோடுகளும் மதர்போர்டில் யு1 என்று குறித்திருக்கும் 6526 சிப்புக்குப் போகின்றன. கீபோர்டையும் ஜாய்ஸ்டிக்கையும் படிக்கும் இந்தச் சிப்பை சிஐஏ என்று சொல்வார்கள்.

இது தெரிந்தால் வேலை செய்யாத கீகளின் பட்டியலே பாதி நோயைச் சொல்லிவிடும். டபிள்யூ, ஆர், ஒய், ஐ, பி, கூடவே ரிட்டர்ன், நட்சத்திரக் குறி, இடது அம்பு, இந்த எட்டும் ஒன்றாகப் போயிருந்தால் அது எட்டு ரப்பர் நுனிகள் ஒரே நாளில் கெட்ட கதை இல்லை. அவை எட்டும் ஒரே கோட்டில் இருப்பவை. 3, டபிள்யூ, ஏ, 4, இசட், எஸ், ஈ, இடது ஷிஃப்ட் போயிருந்தாலும் அப்படித்தான், அது இன்னொரு கோடு. கேபிள் ஒயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் சரியாகப் பிடிக்காமல் இருக்கலாம், போர்டில் தடம் விட்டிருக்கலாம், அல்லது சிஐஏ சிப்பில் ஒரு கால் செத்திருக்கலாம். அங்கொன்றும் இங்கொன்றுமாக, கோட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் போயிருந்தால் மட்டும் ரப்பர் நுனிகளைச் சந்தேகப்படுங்கள்.

சிப்பா ஒயரா என்று பிரித்துப் பார்க்க அழகான வழி ஒன்று உண்டு. ஒரு ஜாய்ஸ்டிக் போதும். மெஷினை ஆஃப் செய்துவிட்டு, முதல் போர்ட்டில் ஜாய்ஸ்டிக்கைச் செருகி, ஆன் செய்யுங்கள். அந்தப் போர்ட் கீபோர்டின் குறுக்குக் கோடுகளோடு பொதுவாக இருப்பதால், மேலே தள்ளினால் திரையில் 1 வரும், வலப்பக்கம் தள்ளினால் 2, கீழே தள்ளினால் இடது அம்பு, பட்டனை அழுத்தினால் இடைவெளி. வலப்பக்கம் தள்ளி 2 வருகிறது, ஆனால் கீபோர்டில் 2-ஐ அழுத்தினால் வரவில்லை என்றால், அந்தக் குறுக்குக் கோட்டில் சிப் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. குறை சிப்பின் அந்தக் காலுக்கு வெளியே. ஜாய்ஸ்டிக்கிலும் வரவில்லையா, அப்போது சிப்பைப் பாருங்கள். போர்டில் இன்னொரு 6526 யு2 என்ற இடத்தில் இருக்கிறது. இரண்டும் சாக்கெட்டில் இருந்தால் இடம் மாற்றிப் பார்த்தாலே தெரிந்துவிடும். நேரடியாக சால்டர் செய்யப்பட்டிருந்தால் அவசரப்பட வேண்டாம்.

மெஷினிலேயே இருக்கும் பேசிக் நிரல்மொழியில் இன்னொரு சோதனை. நினைவகத்தில் 197-ஆம் முகவரியை பீக் செய்து, அதாவது அங்கிருக்கும் எண்ணைப் படித்து, திரும்பத் திரும்ப அச்சிடும் ஒரு வரி நிரலை ஓட விடுங்கள். எதையும் அழுத்தாதபோது 64 வரும். ஏ அழுத்தினால் 10, டபிள்யூ அழுத்தினால் 9. எண்ணை எட்டால் வகுத்தால் ஈவு நெடுக்குக் கோடு, மீதி குறுக்குக் கோடு. கையை எடுத்த பிறகும் 64-க்குத் திரும்பாமல் வேறு எண்ணிலேயே நின்றால், எந்தக் கீ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அந்த எண்ணே சொல்லிவிடும். ரிட்டர்ன் கீயே வேலை செய்யவில்லை என்றால் கன்ட்ரோலுடன் எம் அழுத்துங்கள், அதே பலன்.

கோளாறு போலத் தெரிந்தும் கோளாறு இல்லாதவை இரண்டு. ஏ, டி, டபிள்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் ஆர் அழுத்தியது போலவும் மெஷினுக்குத் தோன்றும். மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு கட்டத்தில் கிடையாது, அதன் இயல்பு அது. ரீஸ்டோர் கீயைப் பழைய போர்டுகளில் சுளீரென்று தட்டினால்தான் வேலை செய்யும். அது ஒரு சிறு கபாசிட்டர் வழியாகத் துடிப்பாகப் போவதால், மெதுவாக அழுத்தினால் மெஷினுக்குத் தெரியாது. அந்தக் கீயைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோக வேண்டாம்.

திறக்காமல் ஸ்ப்ரே, திறந்து ஐபிஏ

ஸ்ப்ரேயின் கவர்ச்சி புரிகிறது. கீ கேப்பைப் பிடுங்கி, இடுக்கில் ஒரு சீறு, பத்துத் தரம் அழுத்து, வேலை முடிந்தது. கமடோர் கீபோர்டின் அமைப்பு இதற்குத் தோதானது இல்லை. கீ கேப்பின் கீழே ஸ்ப்ரிங், அதன் கீழே மேலும் கீழும் போய்வரும் பிளாஸ்டிக் தண்டு, அதாவது பிளஞ்சர், பிளஞ்சரின் அடியில் கரி கலந்த ரப்பர் நுனி. அந்த நுனிதான் கீழே இருக்கும் பிசிபியில் (சர்க்யூட் போர்டில்) அருகருகே ஓடும் இரண்டு தடங்களைத் தொட்டு இணைக்கிறது. மேலிருந்து அடித்த திரவம் பிளஞ்சரைச் சுற்றி வழிந்து, அங்கிருக்கும் அழுக்கையும் கரைத்துக்கொண்டு, துல்லியமாகத் தொடும் இடத்தில் போய்த் தேங்குகிறது. ஒரு வாரம் நன்றாக இருக்கும். காய்ந்ததும் பழைய கதை. டபிள்யூடி-40 போல எண்ணெய்ப் படலம் விடும் எதையும் இதற்குள் அடிக்கவே கூடாது.

திறந்து துடைப்பதற்கு ஒரு மாலை நேரம் முழுதாக வேண்டும். அடிப்பக்கத்தில் முன்விளிம்பை ஒட்டி மூன்று ஸ்க்ரூ. கழற்றினால் மேல்மூடி பின்பக்கமாகத் திறக்கும். கீபோர்டு கேபிளையும் பவர் எல்இடி ஒயரையும் எடுத்துவிட்டு, மேல்மூடியிலிருந்து கீபோர்டைக் கழற்றி, கவிழ்த்து வைத்தால் பிசிபி முழுக்கப் பொடி ஸ்க்ரூக்கள். பிசிபியைத் தூக்குவதற்கு முன்பு ஷிஃப்ட் லாக்குக்குப் போகும் இரண்டு ஒயரையும் சால்டரிங் அயர்ன் வைத்து எடுத்தாக வேண்டும். இதைக் கவனிக்காமல் இழுத்தால் தடமே பெயர்ந்து வந்துவிடும்.

பிசிபி வந்தபின் ரப்பர் நுனிகள் வரிசையாகத் தெரியும். நல்ல நுனி மங்கலான கறுப்பு. கெட்டதைக் கொஞ்சம் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் மேலே லேசாகப் பளபளக்கும். அந்த மினுமினுப்புதான் வில்லன். ரப்பரிலிருந்தே கசிந்த எண்ணெயும் தூசியும் சேர்ந்த மெல்லிய படலம் அது. மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, இரண்டு முனைகளையும் நுனியின் மேல் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தனி எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம். நன்றாக வேலை செய்யும் கீயின் நுனி ஒன்றை அளந்து வைத்துக்கொண்டு மற்றதை அதனோடு பாருங்கள். பல மடங்கு கூடுதலாகக் காட்டினால் அதுதான் நோயாளி.

துடைக்கும் முறை எளிது. வெள்ளைத் தாளில் சில சொட்டு ஐபிஏ விட்டு, நுனியை அதில் ஒற்றி மெதுவாக இழுத்தால் தாளில் சாம்பல் கோடு விழும். சில இழுப்புக்குப் பிறகு நிறுத்திவிட்டு அளந்து பார்க்க வேண்டும். நுனியை ஐபிஏவில் ஊறப்போடக் கூடாது, உப்புத்தாள் வேண்டவே வேண்டாம். பிசிபியில் தொடும் இடங்கள் பளபளக்கும் உலோகமாக இருந்தால் இயர் பட்ஸில் ஐபிஏ தொட்டுத் துடைத்து, பிடிவாதமான கறைக்கு மட்டும் பென்சில் ரப்பரால் மென்மையாகத் தேய்க்கலாம். கறுப்புக் கரிப்பூச்சாக இருந்தால் அழுத்தித் தேய்க்காதீர்கள், பூச்சு போனால் திரும்ப வராது. ஐபிஏ மொபைல் ரிப்பேர் சாமான் விற்கும் கடைகளில் அந்தப் பெயரிலேயே கிடைக்கும். சென்னையில் இருப்பவர்களுக்கு ரிச்சி தெரு இருக்கிறது. 99 சதவீதம் என்று பார்த்து வாங்குங்கள். மெடிக்கல் ஷாப் ஸ்பிரிட்டில் தண்ணீர் அதிகம்.

ஸ்ப்ரேயா ஐபிஏவா என்றால் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது. பிரித்துத் துடைப்பதற்குப் பொறுமை மட்டும்தான் செலவு, இழப்பதற்கு ஒன்றும் இல்லை. சிதறலாகப் போன கீகளில் பெரும்பாலானவை இதிலேயே எழுந்துவிடும்.

துடைத்தும் எழவில்லை என்றால்

இங்கேதான் உண்மையான போட்டி. பென்சில், பெயின்ட், அலுமினியத் தாள், இடமாற்று.

பென்சில் கரியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. 6பி போன்ற மென்மையான பென்சிலை நுனியில் தேய்த்தால் கீ உடனே உயிர் பெறும், சில நாளில் கரி உதிர்ந்து தடங்களுக்கு நடுவே தூளாகக் கிடக்கும். நோய் நுனியில்தான் என்று உறுதி செய்து, ஐபிஏவால் துடைத்து எடுத்துவிடும் சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

அலுமினியத் தாளை வட்டமாக வெட்டி நுனியில் ஒட்டுவது இதைவிட மோசம். மல்டிமீட்டரில் அருமையாகக் காட்டும். ஆனால் மென்மையான ரப்பருக்காகச் செய்த தடத்தில் உலோக விளிம்பு தினமும் உரசும். ஒரு நுனியைக் காப்பாற்றப் போய் பிசிபியைத் தேய்த்துக்கொள்வதில் எனக்குச் சம்மதம் இல்லை. பசையும் ரப்பரை விட்டுப் போகாது.

கடத்தும் பெயின்ட் கொஞ்சம் மரியாதையான வழி. டிவி ரிமோட்டின் ரப்பர் பட்டன்களுக்கென்றே சிறு குப்பிகளில் விற்கிறார்கள். மெல்லிசாக ஒரே பூச்சு, முழு நாள் காயவிட்டால் நன்றாகவே வேலை செய்யும். பிரச்சினை நாள்பட வரும். அழுத்தும்போது ரப்பர் நசுங்கி விரிகிறது, காய்ந்த பெயின்ட் அந்த அளவுக்கு வளைவதில்லை. நுண்ணிய வெடிப்பு விழுந்து செதில் பெயரும். அப்போது கீழே இருக்கும் ரப்பரைப் பழையபடி சுத்தமாகவும் கொண்டுவர முடியாது. அந்த நுனி இனி பெயின்ட்டை நம்பித்தான் பிழைக்க வேண்டும். வேறு போக்கே இல்லாத நுனிக்கு மட்டும் இதைச் செய்யலாம்.

என் தேர்வு இடமாற்றுதான். யாரும் சீக்கிரம் பரிந்துரைக்காத வழி, ஆனால் காசே செலவில்லை. கமடோர் 64-இல் பவுண்டு குறிக்கு ஒரு தனிக் கீ இருக்கிறது. மேல் அம்பு இருக்கிறது. எஃப்7-ஐ நீங்கள் எப்போதாவது தொட்டிருப்பீர்களா? இந்தக் கீகளின் நுனிகள் அதிகம் தேயாமல் இருக்க வாய்ப்பு உண்டு. கீ கேப்பை நேராக மேலே இழுத்து எடுத்தால் ஸ்ப்ரிங் வெளியே வரும், பிளஞ்சர் பின்பக்கமாக இறங்கிவிடும். பவுண்டின் பிளஞ்சரை ஏக்கும் ஏயின் பிளஞ்சரைப் பவுண்டுக்கும் மாற்றி மாட்டுங்கள். பிடிக்கவில்லை என்றால் மறுபடி மாற்றிக்கொள்ளலாம், ஒரு பொருளும் கெடவில்லை. ஸ்பேஸ் பாரை மட்டும் இதில் சேர்க்காதீர்கள், அதன் கம்பி அமைப்பு வேறு.

பல நுனிகள் ஒரேயடியாகத் தீர்ந்துவிட்டால் கமடோரின் முந்தைய கணினியான விக்-20 உடைந்த நிலையில் ஒன்று கிடைக்குமா என்று தேடலாம். விக்-20 கீபோர்டை அப்படியே கமடோர் 64-இல் செருகினாலும் வேலை செய்யும். பிளஞ்சருக்காகப் பிரிப்பதாக இருந்தால் இரண்டும் ஒரே வகையா என்று முதலில் பாருங்கள், கமடோருக்குக் கீபோர்டு செய்து கொடுத்தவர்கள் பலர்.

கடைசியாகப் புது கீபோர்டு. மெக்போர்டு64 போன்றவை புதிய பிசிபியில் இன்றைய மெக்கானிக்கல் ஸ்விட்ச்சுகளோடு வருகின்றன, பழைய கீ கேப்களையே மேலே மாட்டிக்கொள்ளலாம். தினமும் நிரல் எழுதப் பயன்படுத்துபவருக்கு இது நியாயமான வாங்கல். விரலுக்கு வேறு அனுபவம் கிடைக்கும், ரப்பர் பற்றிய கவலையும் ஒழியும். விலை அதிகம், வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் செலவு தனி. வாங்கினாலும் பழைய கீபோர்டைக் கழற்றிய நிலையிலேயே எடுத்து வையுங்கள். தொட்டுக் கெடுக்காத ஒரு செட் ரப்பர் நுனிகள் இன்னொருவரின் மெஷினுக்குப் போகலாம்.

எந்த வழியில் போனாலும் மாட்டும்போது இரண்டு விஷயம். ஷிஃப்ட் லாக் ஒயர்களை சால்டர் செய்த பிறகு அந்தக் கீயைத் தூக்கிய நிலையில் விடுங்கள், இல்லாவிட்டால் ஆன் செய்ததும் எழுத்துக்குப் பதில் படக்குறிகளாக வரும், கீபோர்டு இன்னும் கெட்டது போலத் தோன்றும். பிசிபியின் பொடி ஸ்க்ரூக்கள் பிளாஸ்டிக்கில் நேரடியாக இறங்குபவை. முதலில் பின்பக்கமாகத் திருப்பி, பழைய மரையில் விழும் 'க்ளிக்' கைக்குத் தெரிந்த பிறகு முன்பக்கம் திருப்பி, பிடித்ததும் நிறுத்திவிடுங்கள். மேல்மூடியில் பொருத்துவதற்கு முன்பே கேபிளைச் செருகி, 197-ஐ ஓட விட்டு, ரீஸ்டோர் நீங்கலாக ஒவ்வொரு கீயாக அழுத்திப் பாருங்கள். ஷிஃப்ட், கன்ட்ரோல், கமடோர் கீ மூன்றும் அந்த எண்ணில் தெரியாது. அவற்றை மட்டும் இன்னொரு எழுத்தோடு சேர்த்து அழுத்திச் சோதிக்க வேண்டும்.