15 வருஷ சீசன் டிக்கெட்: வெங்கீஸ் கையில் பிளாக்பர்ன் ரோவர்ஸ்

வெங்கீஸ் என்றால் நமக்கு ஃப்ரீஸரில் கிடக்கும் சிக்கன் பாக்கெட் ஞாபகம் வரும். இங்கிலாந்தின் லங்காஷயரில், பிளாக்பர்ன் என்கிற பழைய பஞ்சாலை ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிப் பாருங்கள், முகம் சுளிப்பார்கள். புனேயைச் சேர்ந்த இந்த நிறுவனம்தான் 2010 நவம்பரில் பிளாக்பர்ன் ரோவர்ஸ் கால்பந்து கிளப்பை வாங்கியது. அந்தக் கிளப்பின் சீசன் டிக்கெட்டை, அதாவது ஒரு சீசனின் சொந்த மைதான ஆட்டங்களுக்குச் சேர்த்து வாங்கும் டிக்கெட்டைத்தான், இங்கே எடைபோடுகிறோம். டிக்கெட் என்றால் நாற்காலி மட்டும் அதில் சேர்த்தி இல்லை. ஓனர் என்ன செய்கிறார் என்பதும் அதே விலைக்குள் அடக்கம். பிடிக்கவில்லை என்று அடுத்த கடைக்குப் போக முடியாத பொருள் இது. பக்கத்து ஊர் பர்ன்லிக்குப் போய் டிக்கெட் வாங்கு என்று ஒரு ரோவர்ஸ் ரசிகரிடம் சொன்னால் அடி விழும்.

முதலில், கைமாறிய அன்று சரக்கு எந்த நிலையில் இருந்தது என்று பார்ப்போம். 1995-இல் பிரீமியர் லீக் சாம்பியன். 2002-இல் லீக் கோப்பை. கிளப்பைத் தூக்கி நிறுத்திய உருக்கு வியாபாரி ஜாக் வாக்கர் 2000-இல் இறந்த பிறகு அவருடைய அறக்கட்டளை நடத்தி வந்தது. அதனிடமிருந்து 2.3 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். இருந்த கடனும் கூடவே வந்தது. பெரிய ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. ஆனால் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. தலைவர் ஜான் வில்லியம்ஸ் சின்ன பட்ஜெட்டில் காலம் தள்ளத் தெரிந்தவர். மேனேஜர் (அங்கே தலைமைப் பயிற்சியாளரை அப்படித்தான் சொல்வார்கள்) சாம் அலர்டைஸ் அணியைக் கீழே விழாமல் பிடித்து வைப்பதில் கைதேர்ந்தவர். அவருடைய ஆட்டம் கண்ணுக்கு அழகாக இருக்காது, அது வேறு விஷயம்.

வாங்கி ஒரு மாதம் ஆகவில்லை. டிசம்பர் 13 அன்று அலர்டைஸை அனுப்பிவிட்டார்கள். அணி அப்போது 13-வது இடத்தில் இருந்தது. அவருக்குக் கீழே பயிற்சியாளராக இருந்த ஸ்டீவ் கீன் அந்த நாற்காலிக்கு வந்தார். அதற்குமுன் எந்த அணிக்கும் அவர் மேனேஜராக இருந்ததில்லை. முதலில் தற்காலிகம் என்றார்கள், ஜனவரியில் 2013 வரை ஒப்பந்தம் கொடுத்தார்கள். ரொனால்டினோ வருகிறார், பெக்கம் வருகிறார் என்று பேச்சு அடிபட்டது. யாரும் வரவில்லை. பிப்ரவரியில் ஜான் வில்லியம்ஸ் போனார். பழுது இங்கேதான் ஆரம்பம். புனேயில் பணம் இருந்தது, ஈவுட் பார்க்கில் மைதானம் இருந்தது, நடுவில் தொழில் தெரிந்து "வேண்டாம் சார்" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

அந்த சீசனில் கடைசி நாள் உல்வ்ஸ் மைதானத்தில் 3-2 என்று ஜெயித்து, 15-வது இடத்தில், கீழ் லீக்குக்கு இறங்காமல் தப்பித்தார்கள். தப்பித்ததுதான் கெடுதல் என்றுகூடச் சொல்லலாம். சிக்கலே இல்லாத மாதிரி அடுத்த சீசனுக்குப் போய்விட்டார்கள்.

2011-12 சீசன்தான் இந்தப் பொருளின் உண்மையான சோதனை. வரவு செலவைப் பாருங்கள். சொந்த அகாடமியில் வளர்ந்த 19 வயது பில் ஜோன்ஸ் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார், சுமார் 1.65 கோடி பவுண்டு. கோழித் தொழில் செய்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்: முட்டை பொரிய 21 நாள், பில் ஜோன்ஸ் பொரிய ஏழு வருஷம். அவர் இடத்துக்கு வந்த ஸ்காட் டான் மோசமில்லை. முன்வரிசைக்கு வந்த யாக்குபு அந்த சீசனில் லீக்கில் மட்டும் 17 கோல் அடித்தார். அதாவது கோல் அடிக்க ஆள் இருந்தது. ஓட்டை பின்னால். அனுபவசாலி ரயன் நெல்சன் சீசன் நடுவில் டாட்டன்ஹாமுக்குப் போனார். அடுத்து கிறிஸ் சாம்பா ரஷ்யாவின் அன்ஜி கிளப்புக்கு. ரஷ்யாவில் ஆள் வாங்கும் காலம் இங்கிலாந்தைவிடத் தாமதமாக முடியும். சாம்பா போனது பிப்ரவரி பிற்பகுதியில். அதற்குள் இங்கிலாந்தில் கதவு மூடியாகிவிட்டது. விற்கலாம், வாங்க முடியாது. தரமிறக்கப் போராட்டத்தில் இருக்கும் ஒரு அணி தன் முதல் தடுப்பாட்டக்காரரை அந்த வாரத்தில் விடுகிறது என்றால், கையெழுத்துப் போட்டவருக்கு நாள்காட்டி யாரும் காட்டவில்லை என்று அர்த்தம். சீசன் முடிவில் வாங்கிய கோல் 78.

இதற்கு நடுவே அக்டோபரில் அணியைப் புனேவுக்குக் கூட்டிவந்து ஒரு நட்பு ஆட்டம். வீரர்கள் உட்கார்ந்து சிக்கன் கடிப்பது போல ஒரு டிவி விளம்பரம் வேறு. விளம்பரத்தில் தப்பில்லை. அட்டவணையின் அடியில் கிடக்கும்போது அதை ஒளிபரப்பினால் ஊர் எப்படி எடுத்துக்கொள்ளும் என்று யோசிக்காததுதான் தப்பு.

ரசிகர்கள் செப்டம்பரிலேயே தெருவில் இறங்கிவிட்டார்கள். ஆர்சனல் ஆட்டத்துக்கு முன் ஊர்வலம். அன்றைக்கென்று அணி 4-3 என்று ஜெயித்துத் தொலைத்தது. அதில் இரண்டு ஆர்சனல்காரர்களே போட்டுக்கொண்ட சொந்த கோல். டிசம்பர் 20-இல் போல்டனிடம் 2-1 தோல்வி. அன்று கீனுக்கு விழுந்த வசவை நேரலையில் கேட்டவர்கள் மறக்க மாட்டார்கள். பதினொரு நாள் கழித்து ஓல்ட் டிராஃபர்டில் போய் யுனைடெட்டை 3-2 என்று அடித்தார்கள். இந்த மாதிரி ஒன்றிரண்டு நாள்தான் ஆளைக் கெடுக்கிறது. இல்லையென்றால் டிக்கெட்டை எப்போதோ கிழித்துப் போட்டிருக்கலாம்.

2012 மே 7 அன்று சொந்த மைதானத்தில் விகனிடம் 87-வது நிமிடத்தில் ஒரு கோல் வாங்கி, 11 சீசன் பிரீமியர் லீக் வாழ்க்கை முடிந்தது. 31 புள்ளி, 19-வது இடம். ஆட்டத்தின் நடுவே ரசிகர் ஒருவர் கிளப் கொடியைப் போர்த்திய உயிர்க்கோழி ஒன்றை மைதானத்தில் இறக்கிவிட்டார். அந்த வருஷம் நடந்த போராட்டங்களிலேயே உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்தது அந்தக் கோழிதான்.

இனி, போராட்டம் ஏன் பலிக்கவில்லை என்ற கேள்வி. இதைத் தனியாகப் பேச வேண்டும், ஏனென்றால் பல கிளப்புகளின் ரசிகர்கள் இதே தப்பைச் செய்கிறார்கள். டிக்கெட் வாங்காமல் புறக்கணித்தால் ஓனர் இறங்கி வருவார் என்பது கணக்கு. பக்கத்து ஊர் பிளாக்பூலில் அது உதவியது. அங்கே ஓய்ஸ்டன் குடும்பம் கிளப்பிலிருந்து பணத்தை வெளியே எடுத்தது. 2017-இல் லண்டன் உயர் நீதிமன்றம் பங்குதாரர் வலேரி பெலோகானுக்கு 3.1 கோடி பவுண்டுக்கு மேல் கொடுக்கச் சொன்னது. 2019 பிப்ரவரியில் கிளப் நீதிமன்றம் நியமித்த நிர்வாகியிடம் போனது. வருஷக்கணக்கில் காலியாகக் கிடந்த நாற்காலிகள் மார்ச்சில் நிரம்பின. ஆனால் அங்கேயும் வேலையை முடித்தது கோர்ட்டுதான். புறக்கணிப்பு ஓனரை வற்ற வைத்தது, அவ்வளவே.

பிளாக்பர்னில் கதை தலைகீழ். இங்கே ஓனர் எடுப்பவர் இல்லை, போடுபவர். இதுவரை போட்டது 20 கோடி பவுண்டுக்கும் மேல். வருஷா வருஷம் விழும் பள்ளத்தை அவர்களே நிரப்புகிறார்கள். அப்புறம் நீங்கள் டிக்கெட் வாங்காவிட்டால் பள்ளம் இன்னும் கொஞ்சம் ஆழமாகும், அதையும் அவர்களே நிரப்புவார்கள், அல்லது ஒரு வீரரை விற்பார்கள். ஆட்டத்துக்கு வருவதே அபூர்வம் என்பதால் கூச்சலும் காதில் விழாது. எடுக்கிற ஓனருக்கும் போடுகிற ஓனருக்கும் ஒரே மருந்து கேட்காது.

அதனால் 2016-17-இல் ரசிகர்கள் கொஞ்சம் புத்தியோடு நடந்தார்கள். கிளப் பிறந்தது 1875. ஆகவே 18-வது நிமிடம் வரை வெளியே நிற்பது, 75-வது நிமிடம் எழுந்து போவது. பணம் கொடுத்தாயிற்று, அணிக்கு நஷ்டமில்லை. கேமராவில் மட்டும் காலி நாற்காலி தெரியும். ஓனரைத் தொடாவிட்டாலும் சேதி வெளியே போனது. அந்த வருஷத்துத் தவறு இன்னொரு ரகம்: பர்ன்லியின் பழைய மேனேஜர் ஓவன் காய்லை நியமித்தது. பிப்ரவரியில் அவர் போய் டோனி மோப்ரே வந்தார். 51 புள்ளி எடுத்தும், கடைசி நாள் பிரெண்ட்ஃபோர்டில் 3-1 என்று ஜெயித்தும், கோல் வித்தியாசத்தில் இரண்டாம் அடுக்கான சாம்பியன்ஷிப்பிலிருந்து மூன்றாம் அடுக்கான லீக் ஒன்னுக்கு இறங்கினார்கள். அதே புள்ளியோடு தப்பித்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட்டுக்கு மைனஸ் 10, ரோவர்ஸுக்கு மைனஸ் 12. பிரீமியர் லீக் பட்டம் வென்ற அணி மூன்றாம் அடுக்குக்குப் போனது அதுதான் முதல் தடவை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. மோப்ரேயை அதற்கப்புறம் மாற்றவில்லை. அடுத்த வருஷமே மேலே ஏறினார்கள், 2022 வரை அவரே இருந்தார். ஒரே சீசனில் (2012-13) ஹென்னிங் பெர்குக்கு 57 நாள், மைக்கேல் ஆப்பிள்டனுக்கு 67 நாள் கொடுத்த அதே ஓனர்தான் இது. பெர்கை அனுப்பியதற்கு நீதிமன்றம் 22.5 லட்சம் பவுண்டு கட்டச் சொன்னது. அந்த ஒப்பந்தத்தைப் போட மேனேஜிங் டைரக்டருக்கு அதிகாரமே இல்லை என்று கிளப் தரப்பிலேயே வாதம் வைத்தார்கள். யாருக்கு அதிகாரம் என்று கிளப்புக்கே தெரியாதென்றால் டிக்கெட் வாங்கியவருக்கு எப்படித் தெரியும்?

கோளாறு இன்றும் அதே இடத்தில்தான், பேப்பர் வேலையில். ஆள் எடுக்கும் கடைசி இரவில் மருத்துவப் பரிசோதனை, கிளப்புகளின் ஒப்பந்தம், வீரரின் ஒப்பந்தம், பதிவுப் படிவம் எல்லாம் குறித்த மணிக்குள் லீக் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். 2023 ஜனவரியில் லூயிஸ் ஓ'பிரையன் என்ற வீரருக்கான ஆவணங்கள் தாமதமாகப் போயின, லீக் ஏற்கவில்லை. சரி, ஒரு தடவை நடக்கும். அடுத்த ஜனவரியில் அமெரிக்காவிலிருந்து வந்து இறங்கிய டங்கன் மெக்வயரின் படிவத்தில் பிழை. அவரும் கிடைக்கவில்லை. அதே நாளில்தான் அகாடமிப் பையன் ஆடம் வார்டன் கிரிஸ்டல் பேலஸுக்கு விற்கப்பட்டார். ஆள் போனது, ஆள் வரவில்லை. அந்த சீசனில் தப்பித்தது கடைசி நாள் லெஸ்டரில் 2-0 என்று ஜெயித்ததால்தான்.

ஒப்பந்தக் கணக்கும் இதே லட்சணம். ஒரு வீரருக்கு ஒப்பந்தம் 18 மாதம் பாக்கி இருக்கும்போதே நீட்டிக்க வேண்டும், இல்லையேல் விற்க வேண்டும். கடைசி ஆறு மாதத்துக்குள் போய்விட்டால் வெளிநாட்டு கிளப்போடு அவர் இலவசமாகவே பேசி முடித்துக்கொள்ளலாம். பிரெரட்டன் டியாஸ் 2021-22-இல் லீக்கில் 22 கோல் அடித்தவர். 2023-இல் பைசா வாங்காமல் வில்லாரியலுக்குப் போனார். அதற்கு முந்தைய வருஷம் லெனிஹன், ராத்வெல், நியாம்பே மூன்று பேரும் அப்படியே.

பணம் வரும் குழாயிலும் 2023-இல் அடைப்பு. அமலாக்கத் துறை விசாரணை காரணமாக இந்தியாவிலிருந்து கிளப்புக்குப் பணம் அனுப்ப டெல்லி உயர் நீதிமன்றத்தின் அனுமதி தேவைப்பட்டது. பணம் போடுவதுதான் இந்த ஓனரின் ஒரே நல்ல அம்சம், அதிலும் கை வைத்தாயிற்று. 2025 பிப்ரவரியில் அணி பிரீமியர் லீக்குக்கு ஏற வாய்ப்புத் தரும் பிளே-ஆஃப் இடத்தில் இருக்கும்போதே மேனேஜர் ஜான் யூஸ்டஸ், அட்டவணையின் அடியில் தவித்த டெர்பிக்குப் போனார். உள்ளே இருப்பவர் எழுதிய விமர்சனம் என்று அதை எடுத்துக்கொள்ளலாம். அதே வருஷம் பெண்கள் அணியை இரண்டாம் அடுக்கிலிருந்து விலக்கினார்கள். செலவு கட்டாது என்றார்கள்.

மதிப்பெண்: பணம் போடுவதில் 5-க்கு 4, ஆள் தேர்வில் 1, தொடர்பில் பூஜ்யம்.

இதெல்லாம் தெரிந்தும் வாங்கப் போகிறவர்களுக்கு: சாம்பியன்ஷிப்பில் சொந்த மைதான ஆட்டம் 23, பிரீமியர் லீக்கில் 19-தான். கீழே இறங்கியதில் கிடைத்த ஒரே லாபம் அந்த நாலு ஆட்டம். ஈவுட் பார்க் 31,000 பேருக்கு மேல் கொள்ளும். அதனால் இடத்துக்குத் தட்டுப்பாடு இல்லை, அவசரப்பட வேண்டாம். டார்வென் எண்டில் வெளியூர்க்காரர்கள். சத்தம் வேண்டுமென்றால் பிளாக்பர்ன் எண்ட். ரிவர்சைட் பழைய கட்டடம், தூண் மறைக்கும், பார்த்து எடுங்கள். ரயிலில் வந்தால் மில் ஹில் ஸ்டேஷனில் இறங்குங்கள், நடை குறைவு. மழைக்கோட்டு கட்டாயம். 2025 செப்டம்பரில் இப்ஸ்விச்சோடு 1-0 என்று முன்னிலை, எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியே, 80-வது நிமிடம். தண்ணீர் தேங்கி ஆட்டம் நின்றது. பூஜ்யத்திலிருந்து முழுசாகத் திரும்ப ஆடு என்று லீக் சொல்லிவிட்டது.