விளையாட்டு இல்லாத கன்சோல் பெட்டி: விற்றபின் வளர்ப்பது யார்?

வீடியோ கேம் ஆடும் கன்சோல்களைச் செய்கிற சோனி, மைக்ரோசாஃப்ட், நின்டெண்டோ மூன்றில் ஏதாவது ஒன்று விளையாட்டை அடியோடு விட்டுவிட்டு, படமும் தொடரும் பாட்டும் மட்டும் ஓடுகிற ஒரு சின்னப் பெட்டியைக் குறைந்த விலைக்கு விற்றால் என்ன? கன்சோல் பற்றிய பேச்சில் பத்தாண்டுகளுக்கும் மேலாகத் தலைகாட்டிவரும் யோசனை இது. இருக்கிற கன்சோலிலேயே படம் பார்ப்பதா, தனிப்பெட்டி வாங்குவதா என்று யோசித்து, கடைசியில் தனிப்பெட்டி வாங்கியவன் நான். அதைக் கன்சோல் நிறுவனத்திடம் வாங்கவில்லை. வாங்க வழியும் இல்லை. அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கட்சி.

நிறுவனத்தின் முன் இருக்கும் வழிகள் மூன்று. பொழுதுபோக்குக்கென்றே தனிப்பெட்டி விற்கலாம். இப்போது செய்வதைப் போலப் படம் பார்க்கும் செயலிகளைக் கன்சோலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளலாம். அல்லது பெட்டி எதையும் செய்யாமல், மற்றவர்களுடைய பெட்டிகளிலும் தொலைக்காட்சிகளிலும் தன்னுடைய சேவையை ஒரு செயலியாகக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். நான் மூன்றாவதன் பக்கம்.

கன்சோலிலேயே படம் பார்ப்பதன் குறைகளை அதிகம் விளக்க வேண்டியதில்லை. விசிறிச் சத்தம், பெரிய உடம்பு, பாதிப் படத்தில் தூங்கிப்போகிற கன்ட்ரோலர் ஆகியவை கன்சோல் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்தவை. மின்சாரக் கணக்கை மட்டும் சொல்லிவிடலாம். என்.ஆர்.டி.சி. என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு 2014-இல் அளந்து பார்த்தபோது, ஒரே படத்தை ஓட்ட சோனியின் பிளேஸ்டேஷன் 4, மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் ஆகிய இரண்டும் சிறிய ஸ்ட்ரீமிங் சாதனங்களைப் போல 30 முதல் 45 மடங்கு மின்சாரம் இழுத்தன. அடுத்த தலைமுறைக் கன்சோல்கள் தேவலை. ஆனாலும் சின்னப் பெட்டி ஒற்றை இலக்க வாட்டில் முடிக்கிற வேலைக்கு அவை பல பத்து வாட் செலவழிக்கின்றன. வீட்டில் விளையாட்டில் நாட்டமில்லாதவர் கையில் இரண்டு குச்சியும் பதினைந்து பொத்தானும் உள்ள கன்ட்ரோலரைக் கொடுத்து "படம் போடுங்கள்" என்று சொல்வதும் நியாயமில்லை. பிளேஸ்டேஷன் 5-உடன் சோனி ஒரு ரிமோட்டையும் தனியாக விற்கத் தொடங்கியது இந்தச் சங்கடத்தை உணர்ந்துதான்.

இவ்வளவு குறை இருக்கும்போது, அந்த நிறுவனமே சின்னப் பெட்டி செய்வதுதானே முறை என்று தோன்றும். பிளேஸ்டேஷன் 2-ஐ இதற்குச் சான்றாகக் காட்டுபவர்களும் உண்டு. 2000-இல் வந்த அந்தக் கன்சோல் டிவிடியும் ஓட்டியது. பல வீடுகளில் முதல் டிவிடி பிளேயரே அதுதான். விற்பனை 15 கோடியைத் தாண்டியது. பொழுதுபோக்கு கன்சோலை விற்றுக்கொடுத்தது என்பது உண்மை. ஆனால் டிவிடிக்கும் ஸ்ட்ரீமிங்குக்கும் நடுவில் ஒரு பெரிய வேறுபாடு இருக்கிறது. டிவிடி என்பது ஒருமுறை முடிவு செய்து பூட்டி வைத்த தரநிலை. 2000-இல் வாங்கிய இயந்திரம் பழுதாகாமல் இருந்தால் இன்றைக்கும் டிவிடியை ஓட்டும். விற்ற நிறுவனம் அதன்பிறகு அதற்காக ஒரு காசுகூடச் செலவழிக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரீமிங் பெட்டி அப்படிப்பட்டதில்லை. என் முடிவு முழுவதும் இந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டி விற்பனையான நாளில் பாதி வேலைகூட முடிந்திருக்காது. படச் சேவைகள் தங்கள் வீடியோவைச் சுருக்கும் முறையை மாற்றிக்கொண்டே இருக்கின்றன. எச்.264 இருந்த இடத்துக்கு எச்.இ.வி.சி.யும் விபி9-உம் வந்தன, பிறகு ஏவி1 வந்தது. திருட்டைத் தடுக்கும் பூட்டுகளின் விதிகள் இறுகுகின்றன. ஒளியையும் நிறத்தையும் கூட்டிக் காட்டும் எச்டிஆர் வகைகள் பெருகுகின்றன. ஒவ்வொரு சேவையும் தன் செயலியைப் புதுப்பிக்கும்போது, பெட்டியின் மென்பொருள் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். இல்லையென்றால் அந்தச் சேவை பழைய சாதனங்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடும். பெட்டி நன்றாகத்தான் இருக்கும், படம்தான் வராது. நின்டெண்டோவின் வீ கன்சோலில் 2010 முதல் ஓடிய நெட்ஃபிளிக்ஸ் 2019 ஜனவரியில் நின்றது. அதே நிறுவனத்தின் வீ யூ, 3டிஎஸ் இரண்டிலும் 2021 ஜூனில் நின்றது. கன்சோலில் இப்படி நடந்தால் விளையாட்டாவது மிஞ்சும். பொழுதுபோக்குக்கு மட்டுமே ஆன பெட்டியில் செயலி நின்றுபோனால் என்ன மிஞ்சும்? மின்கம்பியும் எச்டிஎம்ஐ கம்பியும்தான்.

யானை வாங்குவதைவிட அதைக் கட்டித் தீனி போடுவதுதான் பெரிய செலவு. அந்தத் தீனிக்கு யாரிடம் வருமானம் இருக்கிறது என்று பார்த்தால், எந்த நிறுவனத்தின் பெட்டி நீடிக்கும் என்பது பெரும்பாலும் புரிந்துவிடும்.

ஸ்ட்ரீமிங் பெட்டிகள் விற்கும் அமெரிக்க நிறுவனமான ரோக்குவை எடுத்துக்கொள்வோம். 2023-இல் அதன் மொத்த வருவாய் ஏறத்தாழ 348 கோடி டாலர். அதில் 300 கோடியளவு விளம்பரம், சந்தாப் பங்கு போன்றவற்றிலிருந்து வந்தது. சாதன விற்பனையில் நிறுவனத்துக்கு நட்டம். அந்த நட்டத்தைத் தெரிந்தேதான் ஏற்கிறார்கள். பெட்டி எவ்வளவு காலம் இயங்குகிறதோ அவ்வளவு காலம் விளம்பரம் காட்டலாம். ஆகவே பழைய பெட்டியையும் உயிரோடு வைத்திருப்பது அவர்களுக்கே லாபம். அமேசான், கூகுள் இரண்டின் கணக்கும் ஏறத்தாழ இதே வகைதான். ஆப்பிள் வேறு வழியில் சமாளிக்கிறது. 2022-இல் வந்த ஆப்பிள் டிவி 4கே பெட்டியில் இருப்பது ஐபோன் 13-இல் வந்த அதே ஏ15 குடும்பத்துச் சிப். மென்பொருளும் ஐபோனுடையதோடு உறவுள்ளது. பராமரிப்புச் செலவில் பெரும்பகுதியை ஐபோன் தாங்குகிறது, பெட்டி அதன் நிழலில் வாழ்கிறது.

கன்சோல் நிறுவனத்துக்கு இந்த இரண்டு வசதியும் கிடையாது. அதன் வருமானம் விளையாட்டு விற்பனையில் கிடைக்கும் பங்கிலும் சந்தாவிலும் இருக்கிறது. எக்ஸ்பாக்ஸ் கன்சோல்களை விற்று லாபம் பார்த்ததே இல்லை என்று மைக்ரோசாஃப்ட் அதிகாரி ஒருவர் 2021-இல் எபிக் – ஆப்பிள் வழக்கில் சாட்சி சொன்னார். கருவியில் விட்டதை விளையாட்டில் பிடிப்பதுதான் அவர்கள் வழி. விளையாட்டே வாங்காத ஒருவருக்குப் பெட்டியை விற்றால் எதில் பிடிப்பது? படம் விற்றுப் பிடிக்கலாம் என்றால், சோனி தன் பிளேஸ்டேஷன் கடையில் படம், தொடர் விற்பதை 2021 ஆகஸ்ட்டோடு நிறுத்திவிட்டது. மைக்ரோசாஃப்ட்டும் 2025 ஜூலையில் நிறுத்தியது. சிப்பைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றால், பெரிய கன்சோல்களின் சிப் சின்னப் பெட்டிக்குள் அடங்குகிற இனம் இல்லை.

இது வெறும் ஊகமாக இல்லாமல் ஒருமுறை நடந்தும் இருக்கிறது. சோனி 2013 நவம்பரில் ஜப்பானில் வீட்டா டிவி என்ற உள்ளங்கையளவு பெட்டியை வெளியிட்டது. 2014 அக்டோபரில் பிளேஸ்டேஷன் டிவி என்ற பெயரில் 99 டாலருக்கு அமெரிக்கா வந்தது. அதை முழுமையான பொழுதுபோக்குப் பெட்டி என்று சொல்ல முடியாது. சோனியின் கையடக்கக் கன்சோலான வீட்டாவின் விளையாட்டுகளும் ஓடும், அதாவது சில ஓடும். தொடுதிரை தேவைப்பட்ட பலவும் ஓடவில்லை. அமெரிக்காவில் விற்ற அந்தப் பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் இல்லை. தொலைக்காட்சியில் மாட்டும் 99 டாலர் பெட்டியில் நெட்ஃபிளிக்ஸ் இல்லாமல் 2014-இல் கடைக்கு அனுப்பத் துணிச்சல் வேண்டும். 2015 முடிவதற்குள் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விற்பனை நின்றது. அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வாதத்துக்கு முக்கியம். பிளேஸ்டேஷன் நவ் என்ற சோனியின் சொந்த விளையாட்டு ஸ்ட்ரீமிங் சேவையே 2017 ஆகஸ்ட்டில் அந்தப் பெட்டியைக் கைவிட்டது. அமெரிக்காவில் அறிமுகமாகி மூன்று ஆண்டுகள்கூட ஆகவில்லை. பெட்டியின் உயிர் வீட்டாவின் உயிரோடு கட்டப்பட்டிருந்தது. வீட்டா நலிந்தபோது பெட்டியும் நலிந்தது. ஐபோன் நிழலில் ஆப்பிள் டிவி வாழ்வதும் இதே ஏற்பாடுதான். நிழல் தந்த மரம்தான் வேறு.

என் வாதத்தைக் கொஞ்சம் ஆட்டிப்பார்க்கிற எடுத்துக்காட்டு ஒன்றும் இருக்கிறது: சிப் நிறுவனமான என்விடியாவின் ஷீல்ட் என்ற ஸ்ட்ரீமிங் பெட்டி. 2015-இல் 199 டாலருக்கு ஆண்ட்ராய்டு 5-உடன் வந்தது, ஆண்ட்ராய்டு 11 வரை புதுப்பிப்பு பெற்றது. விளம்பர வருமானமும் இல்லை, தாங்கிப்பிடிக்க ஒரு போனும் இல்லை. ஆனாலும் இத்தனை ஆண்டுகள் பராமரித்தார்கள். நான் அதை நண்பர் வீட்டில் பயன்படுத்தியதோடு சரி, சொந்தமாக வைத்திருந்ததில்லை. ஆகையால் அதைப் பற்றி அடித்துச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது. ஆனால் 2019-க்குப் பிறகு அதற்குப் புது வாரிசு வரவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரு நிறுவனம் மனம் வைத்தால் முடியும் என்று ஷீல்ட் காட்டுகிறது, அது லாபமான தொழில் என்று காட்டவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஷீல்டில் இருந்த டெக்ரா எக்ஸ்1 சிப்பின் உறவுதான் 2017-இல் வந்த நின்டெண்டோ ஸ்விட்சிலும் இருந்தது. அருமையான ஸ்ட்ரீமிங் பெட்டிக்கான சரக்கு நின்டெண்டோவின் கையில் இருந்தது. அவர்கள் அதில் நெட்ஃபிளிக்ஸைக்கூட வைக்கவில்லை, ஆனாலும் ஸ்விட்ச் விற்றுத்தள்ளியது.

பொழுதுபோக்கை முன்னால் நிறுத்திக் கன்சோலை விற்றால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்பாக்ஸ் ஒன் சான்று. 2013 மே மாத அறிமுக நிகழ்ச்சியில் தொலைக்காட்சியைப் பற்றி அவ்வளவு பேசினார்கள். கேபிள் பெட்டியை இணைக்கத் தனி எச்டிஎம்ஐ வாய்கூட இருந்தது. உடல் அசைவைக் கவனிக்கும் கினெக்ட் கேமராவோடு விலை 499 டாலர், போட்டியாளரான பிளேஸ்டேஷன் 4-ஐவிட 100 டாலர் அதிகம். நெட்ஃபிளிக்ஸுக்குத் தனியாகச் சந்தா கட்டுபவரும் அதை எக்ஸ்பாக்ஸில் பார்க்க ஆண்டுக்கு 60 டாலர் கோல்டு என்ற எக்ஸ்பாக்ஸ் சந்தாவும் கட்ட வேண்டியிருந்தது. அந்த விதி 2014 ஜூனில்தான் போனது. கினெக்ட் இல்லாத 399 டாலர் எக்ஸ்பாக்ஸும் அதே மாதம் வந்தது. அடுத்த தலைமுறையில் அந்த எச்டிஎம்ஐ வாயும் காணாமல்போனது.

மற்றொரு தடை, விற்பவர்களுக்குள் வருகிற பகை. ரோக்குவின் முதல் பெட்டி உண்மையில் நெட்ஃபிளிக்ஸ் தன் வீட்டுக்குள் உருவாக்கியது. வெளியிடும் தறுவாயில், நாமே பெட்டி விற்றால் மற்ற சாதனத் தயாரிப்பாளர்கள் நம் சேவையைத் தங்கள் கருவியில் ஏற்பார்களா என்ற கவலை வந்து, திட்டத்தை ரோக்குவிடம் விட்டுக்கொடுத்தார்கள். 2008 மே மாதம் 100 டாலருக்கு அது சந்தைக்கு வந்தது. நெட்ஃபிளிக்ஸ் பிறகு கண்ணில் பட்ட எல்லாக் கருவியிலும் நுழைந்தது. பிளேஸ்டேஷன் 3 உட்பட. சோனிக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு: அதன் பிராவியா தொலைக்காட்சிகளுக்குள்ளேயே கூகுளின் மென்பொருள் இருக்கிறது. பிளேஸ்டேஷன் பெயரில் ஒரு பெட்டி வந்தால், ஒரே நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பிரிவுக்கு எதிராக விளையாட்டுப் பிரிவு கடை விரித்ததாக ஆகும்.

மூன்றாவது வழிக்கு மைக்ரோசாஃப்ட் கிட்டத்தட்ட இடறி விழுந்து வந்து சேர்ந்தது. கீஸ்டோன் என்ற குறிப்பெயரில் ஒரு ஸ்ட்ரீமிங் பெட்டியை அவர்கள் உருவாக்கினார்கள். கிளவுடிலிருந்து, அதாவது தொலைவில் நிறுவனத்தின் கணினியில் ஓடும் விளையாட்டை இணையம் வழியாக இழுத்து, ஓட்டுவதே அதன் முதல் வேலை. கன்ட்ரோலரையும் சேர்த்தால் 99 அல்லது 129 டாலருக்குள் அடக்க முடியவில்லை, 299 டாலருக்கே சீரிஸ் எஸ் என்ற முழு எக்ஸ்பாக்ஸ் கன்சோல் கிடைக்கும்போது அதற்கு அர்த்தமில்லை என்று அப்போது எக்ஸ்பாக்ஸ் தலைவராக இருந்த பில் ஸ்பென்சர் 2022-இல் விளக்கினார். பெட்டி கிடப்பில் போனது. அதே ஆண்டு ஜூன் 30-ஆம் தேதி எக்ஸ்பாக்ஸ் செயலி சாம்சங் தொலைக்காட்சிகளில் வந்தது. 2024-இல் அமேசான் ஃபயர் டிவியிலும் வந்தது. தீனி போடும் பொறுப்பு சாம்சங்குக்கும் அமேசானுக்கும், சந்தாக் காசு மைக்ரோசாஃப்ட்டுக்கு. இதைவிட நல்ல ஏற்பாட்டை என்னால் யோசிக்க முடியவில்லை.

வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தால் இது குறையற்ற வழி என்று சொல்ல மாட்டேன். விளம்பரத்தால் பிழைக்கிற பெட்டி விளம்பரத்தைக் காட்டத்தான் செய்யும். முகப்புத் திரை முழுக்க நான் கேட்காத படங்களின் சுவரொட்டிகள். கன்சோல் நிறுவனம் விளம்பரமில்லாத ஒரு பெட்டியைச் செய்தால் கூடுதல் விலை கொடுக்க ஆள் இருக்கும் என்பதையும் மறுக்கவில்லை, எரிச்சலான மாலைகளில் நானும் அந்த வரிசையில் நிற்பேன். ஆனால் அதன் செயலிகள் ஐந்தாவது ஆண்டில் ஓடும் என்று யார் உறுதி கொடுப்பது? தொலைக்காட்சிச் செயலி வழியாகக் கிளவுட் விளையாட்டை நான் கொஞ்சமே ஆடியிருக்கிறேன். நிதானமான விளையாட்டுகள் சுகமாக ஓடின, சண்டை விளையாட்டில் அடிக்கும் அடி ஒரு கணம் தாமதமாக விழுவதாகத் தோன்றியது. அதில் எவ்வளவு என் இணைப்பின் குற்றம், எவ்வளவு அந்த முறையின் குற்றம் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

4கே புளூரே தட்டுகள் சேர்த்து வைத்திருப்பவருக்கு மட்டும் என் கணக்கு பொருந்தாது. தட்டு வாயுள்ள பிளேஸ்டேஷன் 5-உம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸும் அவற்றை ஓட்டும், எந்தச் சின்னப் பெட்டியும் ஓட்டாது. அவர் கன்சோலையே வைத்துக்கொண்டு ஒரு ரிமோட் வாங்கிக்கொள்ளலாம்.