உதவித்தொகையா, ஊசியா, ஊர்க்கூட்டமா?

ஏழைக் கிராமத்தில் பிறக்கும் குழந்தை முதல் 28 நாளைத் தாண்டிவிட்டால் பெரும் கண்டம் கழிந்த மாதிரி. அதைத் தாண்ட வைக்க இந்தியாவில் செய்து பார்த்தவற்றில் மூன்று வழிகளை ஒன்றோடு ஒன்று வைத்துப் பார்க்கலாம்.

முதலாவது பணம். 2005இல் வந்த ஜனனி சுரக்ஷா யோஜனாவில், ஆஸ்பத்திரிப் பிரசவம் குறைவாக இருந்த மாநிலங்களின் கிராமத்துத் தாய்க்கு, ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்றால் 1,400 ரூபாய். ஆள் வந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவம் 2005-06இல் நூற்றுக்கு 39. பத்தே வருடத்தில் 79. பிறந்த ஒரு மாதத்துக்குள் இறக்கும் குழந்தைகளோ ஆயிரத்துக்கு 39இல் இருந்து 30க்குத்தான் இறங்கியது. பணம் தாயை வாசல் வரை கூட்டிவரும். உள்ளே நர்ஸ் இருக்கிறாரா, கட்டில் இருக்கிறதா என்பது வேறு கணக்கு.

இரண்டாவது, மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் தம்பதி அபய் பங், ராணி பங் செய்தது. பள்ளிப் படிப்பு மட்டுமே உள்ள உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்பினார்கள். குழந்தையை எடை போடுவது, சூடு குறையாமல் போர்த்துவது, மூச்சை எண்ணுவது, கிருமித்தொற்று என்றால் ஜென்டாமைசின் ஊசி போடுவது, எல்லாம் அவர்கள் வேலை. 39 கிராமங்களில் ஆயிரத்துக்கு 62 ஆக இருந்த சாவு மூன்றாம் வருடத்தில் சுமார் 25 ஆனது. ஒப்பிட வைத்திருந்த பக்கத்துக் கிராமங்களில் அப்படியேதான் இருந்தது. 2011இல் அரசு இதை ஆஷா எனப்படும் கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களின் வீட்டு வருகையாக நாடு முழுக்க எடுத்துக்கொண்டது. ஊசியை மட்டும் அவர்கள் கையில் கொடுக்கவில்லை. எனக்கு இது பாதிச் சமையல்.

மூன்றாவதில் மருந்தே கிடையாது. ஜார்கண்ட், ஒடிசாவின் பழங்குடிக் கிராமங்களில் ஏக்ஜுட் அமைப்பு மாதாமாதம் பெண்களைக் கூட்டி உட்கார வைத்தது. படம், கதை, விளையாட்டு வழியாகப் பேசி, தங்கள் ஊரில் குழந்தை ஏன் சாகிறது, நாமே என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவெடுத்தார்கள். மூன்று வருடத்தில் பச்சிளம் குழந்தைச் சாவு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆஸ்பத்திரிப் பிரசவம் கூடி வந்த பலன் அல்ல அது. வீட்டுப் பிரசவத்திலேயே கை கழுவுவதும் கொதிக்கவைத்த நூலால் தொப்புள்கொடி கட்டுவதும் கூடின. ஆனால் கூட்டம் நெருக்கமாக இருக்க வேண்டும். இங்கே ஏறக்குறைய 470 பேருக்கு ஒரு குழு. வங்கதேசத்தில் 1,400 பேருக்கு ஒன்று என்று வைத்தபோது பலன் தெரியவில்லை.

சரி, எதை எடுப்பது? குழந்தைக்கு என்றால் யோசிக்காமல் கூட்டத்தையும் வீட்டு வருகையையும் சேர்த்துக் கேட்பேன், ஊசியோடு. தாய்க்கு இந்தக் கணக்கு செல்லாது. பிரசவத்துக்குப் பின் உதிரம் கொட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்கூட உயிர் போய்விடும். கூட்டமும் எடைத்தராசும் அங்கே உதவாது. ரத்தம், டாக்டர், ராத்திரி இரண்டு மணிக்கும் வரும் வண்டி, இவைதான் வேண்டும். 1,400 ரூபாயில் இவை எதுவும் வராது.