எக்ஸ் குறியா, அயோடின் கடிகாரமா?

செறிவு மாறினால் வினைவேகம் எப்படி மாறும் என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் செய்துகாட்ட இரண்டு நல்ல சோதனைகள் உண்டு. மார்பிள் துண்டில் அமிலம் ஊற்றுவதை நான் சேர்க்கவில்லை. துண்டின் பரப்பும் கூடவே மாறி, கணக்கைக் குழப்பிவிடும்.

முதலாவது, சோடியம் தயோசல்பேட்டும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும். தாளில் பேனாவால் எக்ஸ் போட்டு, மேலே கூம்புக் குடுவையை வைத்து, அமிலம் ஊற்றியதும் ஸ்டாப்வாட்சைத் தட்ட வேண்டியதுதான். கந்தகம் உருவாக உருவாகக் கரைசல் பாலாய்க் கலங்கி, எக்ஸ் மறையும். 50 மி.லி. தயோசல்பேட்டுக்குப் பதில் 25 மி.லி. எடுத்து, மீதிக்குத் தண்ணீர் ஊற்றினால் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். செலவும் குறைவு. ஆனால் எக்ஸ் எப்போது மறைந்தது என்பதில் ஆளுக்கு ஒரு கணக்கு. எல்லா ரீடிங்கையும் ஒரே ஆள் பார்ப்பது நல்லது. கந்தக டை ஆக்ஸைடு வேறு மூக்கைத் துளைக்கும். ஜன்னலைத் திறந்து, ஆஸ்துமா உள்ளவர்களைத் தள்ளி உட்கார வையுங்கள்.

இதில் பலர் செய்யாமல் விடுவது ஒன்று: தயோசல்பேட்டை அப்படியே வைத்து, அமிலத்தின் செறிவை மட்டும் மாற்றிப் பாருங்கள். நேரம் பெரிதாக அசையாது. சமன்பாட்டில் அமிலத்துக்கு முன்னால் 2 இருக்கிறது, வேகத்தில் அதற்கு மதிப்பே இல்லை! 'செறிவு கூடினால் வேகம் கூடும்' என்று மனப்பாடம் செய்தவர்களுக்கு இது நல்ல குட்டு. வினைவகையை (order, அதாவது ஒரு பொருளின் செறிவு வேகத்தை எந்த அளவுக்கு மாற்றும் என்பதை) சமன்பாட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது, சோதித்துத்தான் அறிய வேண்டும்.

அடுத்தது அயோடின் கடிகாரம். பெர்சல்பேட்டும் அயோடைடும் வினைபுரிய, உண்டாகும் அயோடினை, கூடவே சேர்த்திருக்கும் கொஞ்சம் தயோசல்பேட் விழுங்கிக்கொண்டே இருக்கும். அது தீர்ந்ததும், மிஞ்சும் அயோடினால் கலவையிலுள்ள ஸ்டார்ச் சட்டென்று கருநீலமாகும். முடிவுநிலையில் சண்டைக்கே இடமில்லை. பெர்சல்பேட், அயோடைடு இரண்டில் எதன் செறிவைப் பாதியாக்கினாலும் நேரம் இரட்டிப்பு. இரண்டையும் பாதியாக்கினால் நான்கு மடங்கு. ஆனால் தயாரிப்பு வேலை அதிகம். சென்னை வெக்கையில் முந்தின நாள் ஸ்டார்ச்சை நம்ப முடியாது, அன்றன்றைக்குக் காய்ச்ச வேண்டும்.

வெப்பநிலை இரண்டையுமே பாதிக்கும். 10 டிகிரி ஏறினால் வேகம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகும் வினைகள் நிறைய. காலை எட்டு மணி ரீடிங்கையும் மே மாத மதிய ரீடிங்கையும் ஒரே கிராஃபில் போட்டால், அது செறிவின் கதையாக இருக்காது.

ஒரே பீரியட்தான் என்றால் எக்ஸ், அமிலத்தை மாற்றும் ரீடிங்கோடு. இரண்டு பீரியடும் லேப் உதவியாளரும் கிடைத்தால் கடிகாரம்.