காட்டில் தங்க ஒரு பழைய பஜேரோ: மூன்று வருட அனுபவம்

2022 மே மாதம், மலேசியக் காடுகளில் உள்ளேயே படுத்துத் தங்க ஒரு மிட்சுபிஷி பஜேரோ ஜீப் வாங்கினேன். 1995ஆம் வருட வண்டி, நீளமான பாடி, 2.5 லிட்டர் 4டி56 டர்போ டீசல் எஞ்சின், கை கியர். விலை 13,800 வெள்ளி (ரிங்கிட்). பெயர் மாற்றத்துக்கான புஸ்பாகோம் (வாகனச் சோதனை நிறுவனம்) பி5 சோதனையில் தேறியதும், இனி செலவு அதிகம் இருக்காது என்று நினைத்தேன். அடுத்த ஆறு மாதத்தில் பட்டறைக்கு மட்டும் 6,450 வெள்ளி போனது. உள்ளே படுக்கை, மின்சாரம், குளிர்பெட்டி எல்லாம் சேர்த்து 3,900. இந்த மூன்று தொகையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "4,000 வெள்ளியில் கேம்பர்" என்று யாராவது சொன்னால், வண்டியையும் அதன் வைத்தியத்தையும் கணக்கில் சேர்த்தார்களா என்று கேளுங்கள்.

நான் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். ஷெட் கிடையாது. மரம் அறுத்தது, வயர் இழுத்தது எல்லாமே ஞாயிற்றுக்கிழமைகளில் கீழே கார் நிறுத்தும் இடத்தில்தான். இன்றுவரை வண்டிக்குள் 61 இரவு படுத்திருக்கிறோம், பெரும்பாலும் நானும் மனைவியும். ஒவ்வொரு இரவும் மழை பெய்ததா, உள்ளே புழுக்கம் எப்படி, காலையில் பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று சின்ன நோட்டில் குறித்து வைப்பேன். கீழே சொல்வதெல்லாம் அந்த நோட்டில் இருந்துதான்.

முதலில் எஞ்சின். வாங்கிய மூன்றாவது வாரம் பெந்தோங் பக்கம் சாமாங் அருவிக்குக் கிளம்பினோம். கோம்பாக் தாண்டி கெந்திங் செம்பா ஏற்றத்தில் வெப்ப முள் பாதியைத் தாண்டி மேலே போனது. உடனே ஓரங்கட்டி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, எஞ்சினை ஐடிலில் விட்டேன். முள் இறங்கியது. அன்று அந்த முள்ளைக் கவனிக்காமல் மிதித்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். இந்த எஞ்சினின் ஹெட், அதாவது மேல்பாகம், அலுமினியம். ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் வளையும், விரிசல் விடும். ஹெட் வேலை என்றால் சில ஆயிரம் வெள்ளி.

செகாம்புட்டில் ஒரு போர்மேன் அண்ணன் இருக்கிறார். முப்பது வருடமாக டீசல் வண்டிதான் பார்க்கிறார். நான் படுக்கை எப்படி அடிக்கலாம் என்று படம் வரைந்து கொண்டுபோய்க் காட்டினேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. "தம்பி, மெத்தையை அப்புறம் பாக்கலாம். இந்த ரேடியேட்டருக்கு 27 வயசு ஆச்சு. மொதல்ல அதக் கழட்டு" என்றார். கழற்றிப் பார்த்தால் குழாய்களில் பாதி துருப்பொடியால் அடைத்திருந்தது. ஃபேன் கிளச்சும் தேய்ந்து போய், சூடானாலும் விசிறியைப் பிடிக்காமல் சுற்றியது. இரண்டையும் மாற்றினோம். கூடவே இரண்டு பெல்ட். 4டி56இல் டைமிங் பெல்ட் தவிர, எஞ்சின் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்டுக்குத் தனியாக ஒரு சின்ன பெல்ட் உண்டு. அது அறுந்து டைமிங் பெல்ட்டில் சிக்கினால் எஞ்சின் போய்விடும். பழைய வண்டி வாங்குபவர்கள் பெரிய பெல்ட்டை மட்டும் கேட்டுவிட்டுச் சின்னதை மறந்துவிடுகிறார்கள். முன் சொந்தக்காரர் எப்போது மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அதே ஏற்றத்தில் எத்தனையோ முறை போயாகிவிட்டது, முள் பாதியோடு நிற்கிறது. கிடைத்த பணத்தில் எதை முதலில் செய்வது என்று கேட்டால் என் பதில் எஞ்சின்தான். தங்கும் வசதி இல்லாத வண்டியில் தார்ப்பாய் கட்டிக்கூடப் படுத்துவிடலாம்.

இனி உள்ளே. இங்கே நான் செய்த பெரிய தவறு, ஆஸ்திரேலியக்காரர்களின் வீடியோக்களை அப்படியே பின்பற்றியது. அவர்கள் பாலைவனப் பக்கம் போகிறார்கள், இரவில் குளிரும். அதனால் தகரத்தின் உள்பக்கம் முழுக்க ஃபோம் ஒட்டி மூடுகிறார்கள். நானும் ஒட்டினேன். நான்கு மாதம் கழித்து, பின்கதவுப் பக்கம் ஏதோ வாடை வருகிறதே என்று ஒரு துண்டை உரித்தேன். பின்னால் தண்ணீர் துளித்துளியாக நின்றிருந்தது, தகரத்தில் துரு ஆரம்பித்திருந்தது. பழைய ஜன்னல் ரப்பர் வழியாக இறங்கிய மழையும், இரவில் நாம் விடும் மூச்சின் ஈரமும் போக வழியில்லாமல் அங்கேயே தங்கிவிட்டன. முழுவதையும் பிய்த்து எடுத்து, துருவைச் சுரண்டி, பெயிண்ட் அடித்தேன். அடுத்து வந்த மூன்று ஞாயிறும் அதற்கே போயின. இப்போது கூரைக்கு வண்டியோடு வந்த லைனிங் மட்டும்தான். பகலில் வெயிலுக்குக் கண்ணாடிகளில் வெள்ளித்தாள் போட்ட மறைப்பு. போதும்.

படுக்கை மேடையையும் இரண்டு தடவை அடித்தேன். முதலில் 18 மில்லிமீட்டர் பிளைவுட். எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று கிட்டத்தட்ட 30 கிலோ வரும், ஒரு ஆள் தனியாகத் தூக்கிக் கழற்ற முடியாது. இப்போது இருப்பது 12 மில்லிமீட்டர், கீழே மெரந்தி மரச் சட்டம். பலகையில் ஒரு சாண் இடைவெளியில் ஓட்டை போட்டிருக்கிறேன். இது அழகுக்கு இல்லை. முதல் மேடையில் மெத்தையின் அடிப்பக்கம் ஆறே வாரத்தில் பூஞ்சை பிடித்துக் கறுத்துவிட்டது. உடம்புச் சூட்டில் இறங்கும் ஈரம் பலகையில் முட்டி நிற்கும். ஓட்டைப் பலகை, அதன்மேல் தென்னைநார் பாய், அதற்கும் மேலே மெத்தை என்று அடுக்கிய பிறகு இரண்டரை வருடமாக மெத்தை சுத்தமாக இருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் மெத்தையை மாடிக்குத் தூக்கிப்போய் வெயிலில் போடுவதை மனைவி ஒருமுறைகூட விட்டதில்லை. அதுவும் காரணம்.

ஒன்று இன்னும் உறுத்துகிறது. மேடை உயரம். கீழே சாமான் வைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு உயர்த்திவிட்டேன். படுக்கலாம், நிமிர்ந்து உட்கார முடியாது. மழை நாளில் மூன்று மணி நேரம் உள்ளே அடைந்து கிடக்கும்போது அந்த நான்கைந்து அங்குலத்தின் அருமை தெரியும்.

எதையும் வெட்டவில்லை, வெல்டிங் வைக்கவில்லை. சீட்டுகளை மடக்கி, அவற்றுக்கு மேலேதான் மேடை. வண்டியின் கட்டமைப்பை மாற்றினால் ஜே.பி.ஜே. (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும். அந்த அலைச்சல் வேண்டாம் என்றால், போல்ட்டைக் கழற்றினால் பழையபடி வண்டியாகிவிட வேண்டும் என்ற நினைப்போடு செய்யுங்கள்.

காற்றுக்கு நான் செலவழித்தது 100 வெள்ளிகூட இல்லை, ஆனால் மொத்த வண்டியிலும் அதிகம் பயன்பட்டது அதுதான். கதவுகளில் ஏர் பிரஸ் (கண்ணாடிக்கு மேலே மாட்டும் மழைத் தடுப்பு) மாட்டியதால் மழையிலும் கண்ணாடியை இரண்டு அங்குலம் இறக்கி வைக்கலாம். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவில் கொசுவலைத் துணி வாங்கி, ஓரத்தில் காந்தப் பட்டை வைத்துத் தைத்தோம். கதவுச் சட்டத்தில் தானாக ஒட்டிக்கொள்ளும். கணினிக்குப் போடும் 12 சென்டிமீட்டர் காற்றாடிகள் இரண்டு: ஒன்று உள்ளே இழுக்கும், எதிர்ப்பக்கம் ஒன்று வெளியே தள்ளும். இரண்டும் சேர்ந்து 6 வாட்கூட இழுக்காது. உலு லங்காட் ஆற்றோரம் காற்றே அசையாத ஓர் இரவில் இவற்றை நிறுத்திப் பார்த்தேன். அரை மணியில் கண்ணாடி முழுக்க வேர்த்துவிட்டது. குளிரான லோஜிங் மேட்டில் மட்டும்தான் இவை தேவைப்படவில்லை, அங்கே போர்வை தேடினோம்.

மின்சாரத்துக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாஸ்பேட் பேட்டரி, 1,100 வெள்ளி. 12.8 வோல்ட்டில் 1,280 வாட்-மணி. என் சின்னக் குளிர்பெட்டி ஓடும்போது 45 வாட் இழுக்கும், நம் வெப்பத்தில் பாதி நேரம் ஓடும். அப்படியானால் ஒரு நாளைக்குச் சுமார் 540. காற்றாடி, விளக்கு, போன் சேர்த்தாலும் கிட்டத்தட்ட இரண்டு நாள் தாங்கும். நோட்டுக் கணக்கும் அதையே சொல்கிறது. லித்தியம் பேட்டரியை நேரடியாகப் பழைய ஆல்டர்னேட்டரோடு (எஞ்சின் ஓடும்போது மின்சாரம் தருவது) இணைத்துவிடாதீர்கள். அது கிடைக்கிற கரண்ட்டையெல்லாம் இழுக்கும், ஆல்டர்னேட்டர் சூடேறிப் போகும். நடுவில் 20 ஆம்பியர் டிசி சார்ஜர் போட்டேன். இரண்டு மணி நேரம் ஓட்டினால் குளிர்பெட்டியின் ஒரு நாள் செலவு கிட்டத்தட்ட திரும்ப ஏறிவிடும். சோலார் பலகை ஒன்றும் 250 வெள்ளிக்கு வாங்கினேன், இந்த 3,900 கணக்கில் அதைச் சேர்க்கவில்லை. காட்டு மரங்களுக்கு அடியில் அது எதுவும் தரவில்லை, பிறகு விற்றுவிட்டேன். கடலோரம் தங்குபவர்களுக்கு அது உதவலாம்.

டயர் விஷயத்தில் மட் டயர் ஆசை வேண்டாம். நம் ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு நெடுஞ்சாலைதான். சாலைக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல்-டெரைன் டயர் போட்டிருக்கிறேன். செம்பனைத் தோட்டச் செம்மண் பாதை மழைக்குப் பிறகு சோப்பு மாதிரி ஆகிவிடும். அதில் தனி வண்டியாக இறங்குவதில்லை என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

டீசல் கணக்கு மாறிவிட்டது. 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் லிட்டர் 2.15இலிருந்து 3.35 வெள்ளிக்குப் போனது. நான் ஊற்றும் 80 லிட்டருக்கு அதுவரை 172 வெள்ளி, அன்று 268. என் வண்டி லிட்டருக்கு 9 கிலோமீட்டர்தான் தருகிறது. அதனால் தூரப் பயணங்களைக் குறைத்து, கோலா குபு பாரு, ஜண்டா பாயிக் என்று பக்கத்திலேயே அதிகம் போகிறோம்.

இடம் தேர்வு பற்றிக் கொஞ்சம். 2022 டிசம்பர் 16 விடியற்காலையில் பத்தாங் காலி முகாமிடத்தில் நடந்த நிலச்சரிவில் 31 பேர் இறந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான் நாங்கள் உலு யாம் பக்கம், சரிவுக்கு அடியில், நல்ல நிழல் என்று வண்டியை நிறுத்தித் தூங்கியிருந்தோம். அந்தச் செய்தி வந்த காலை மனைவி என்னிடம் எதுவும் பேசவில்லை, என் நோட்டை எடுத்து அந்த இடத்தின் மேல் ஒரு கோடு போட்டாள். அன்றிலிருந்து சரிவின் கீழே நிறுத்துவதில்லை. ஆற்றோரம் என்றால் தண்ணீரை விட்டு நன்கு மேட்டில்தான். கெப்பாலா ஆயர் (ஆற்றில் திடீரென்று பாய்ந்து வரும் வெள்ளம்) வர நாம் இருக்கும் இடத்தில் மழை பெய்ய வேண்டியதில்லை, மலைமேல் பெய்தால் போதும். தண்ணீர் திடீரென்று கலங்கி இலை குச்சி அடித்துவந்தால், சாமானை விட்டுவிட்டு மேலே ஏறுங்கள். ஹுத்தான் சிம்பான் (காப்புக்காடு) பலகை இருக்கும் இடங்களுக்கு வன இலாகாவின் பெர்மிட் எடுங்கள். ஒராங் அஸ்லி (பூர்வகுடி மக்கள்) கம்பத்தின் வழியாகப் போகும் பாதை என்றால் முதலில் ஊர்த்தலைவரான தோக் பாத்தினைப் பார்த்துக் கேளுங்கள். நாங்கள் கேட்ட இடத்தில் எல்லாம் நல்ல இடம் காட்டித்தான் அனுப்பினார்கள்.

இப்போதைக்கு வண்டியில் இரண்டு வேலை பாக்கி. ஸ்பேர் சக்கரத்தின் கனத்தால் பின்கதவு லேசாகத் தொங்குகிறது, கீல் மாற்ற வேண்டும். பின் ஜன்னல் ரப்பர் ஹாப்-கட் கடையில் (பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கடை) கிடைத்துவிட்டது, 60 வெள்ளி. அதை மாட்டும் ஞாயிறு அன்றே மேடையையும் ஐந்து அங்குலம் அறுத்து இறக்கப் போகிறேன்.