தங்க முலாம் சேணமா, அரக்குச் சேணமா?

காத்மாண்டுவில் பௌத்தா ஸ்தூபிக்குப் பின்னால் ஒரு திபெத்தியர் கடை. மாடியில் இரண்டு பழைய குதிரைச் சேணங்கள் இருந்தன. ஒன்றின் முன்வளைவிலும் பின்வளைவிலும் இரும்புத் தகடு. தகடு முழுக்கக் கொடியும் டிராகனுமாகத் துளைவேலை, மேலே தங்க முலாம். மற்றது அரக்குப் பூசிய மரம், பித்தளை ஓரப்பட்டை, வளைவின் முகத்தில் பச்சைச் சாயமேற்றிய திருக்கைத் தோல். கடலே இல்லாத நாட்டில் திருக்கை! நமக்கு அது குழம்பு மீன், அங்கே பெரிய மனிதர்களின் சேணத்துக்கு அலங்காரம்.

நான் வாங்கியது இரண்டாவதை.

அழகில் முதலாவதுதான் ஜெயிக்கும், அதில் பேச்சே இல்லை. கிழக்குத் திபெத்தில் காம் பகுதியின் டெர்கே ஊர் இரும்புவேலைக்குப் பேர்போனது. இந்த மாதிரித் தகடு பதித்த சேணங்களை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் 2006ல் திபெத்திய ஆயுதங்களோடு கண்காட்சியில் வைத்தது. திரும்ப விற்றாலும் அதற்குத்தான் விலை அதிகம்.

என்னைத் தடுத்தது பராமரிப்பு. இரும்பின் மேல் பூசிய தங்கம் துருவைத் தடுக்காது. முலாமில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தால் போதும், ஈரம் உள்ளே போய் அடியில் துரு பொங்கி, தங்கத்தைச் செதில் செதிலாகத் தூக்கிவிடும். தேய்த்துத் துலக்கலாம் என்றால் துருவோடு தங்கமும் போகும். இரும்புக்கு எவ்வளவு வறட்சியோ அவ்வளவு நல்லது. ஆனால் அதே சேணத்தின் மரமும் தோலும் ஏறக்குறைய 50 சதவீத ஈரப்பதம் கேட்கும். ரொம்பக் காய்ந்தால் வெடிக்கும். ஒன்றுக்கு மருந்து, இன்னொன்றுக்கு விஷம். 3,650 மீட்டர் உயரத்து லாசாவின் வறண்ட காற்றில் இது பெரிய தொல்லையில்லை. ஆடி மாதக் காத்மாண்டுவில் ஈரப்பதம் 80ஐத் தாண்டும்போது என்ன செய்வது?

அரக்குச் சேணத்தில் இந்தச் சண்டை குறைவு. பித்தளை கறுக்கும், அவ்வளவுதான். வளைவுகளையும் பக்கப்பலகைகளையும் ஆணி அடிக்காமல் தோல்வாரால் கட்டியிருப்பதால், மரம் உப்பினாலும் சுருங்கினாலும் கட்டு கொஞ்சம் இடம் கொடுக்கிறது. தோலுக்கு எண்ணெய் தடவச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தூசி ஒட்டும். உலர்ந்த மெல்லிய தூரிகை போதும். ஆசைக்குக்கூட மேலே ஏறி உட்கார வேண்டாம்.

இன்னொன்று. முதல் சேணத்தின் தகட்டில் பழைய துளைகள் சும்மா கிடக்க, ஆணிகள் புதிதாகப் பளபளத்தன. கேட்டேன். “தகடு பழசு, மரம் மாற்றியது” என்றார் கடைக்காரர், மறைக்காமல். அந்த நேர்மைக்காகவே அவரிடம் வாங்கலாம். ஆனால் வாங்கியதை ஊருக்கு எடுத்துப்போக நினைப்பவர்கள் கவனிக்க வேண்டும்: நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளை நேபாளத்திலிருந்து வெளியே கொண்டுபோகத் தடை. ஊர் திரும்பும் நாளில் என் சேணத்தையும் தொல்லியல் துறையிடம் காட்டித்தான் ஆகவேண்டும்.

இதுவரை ஒரே ஒரு மழைக்காலம்தான் பார்த்திருக்கிறேன், அதனால் பெரிதாகப் பேச எனக்கு உரிமையில்லை. ஆவணியில் வார்களின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை வந்தது, தட்டினேன், போயிற்று. திருக்கைத் தோலின் ஒரு மூலை மட்டும் லேசாக எழும்பி நிற்கிறது. ஒட்டுவதா, அப்படியே விடுவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.